நெஞ்சு வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது?

நெஞ்சு வலியோடு அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு மாரடைப்பு இருப்பதில்லை. தசைப்பிடிப்பு, இரைப்பை அமிலம் மேலேறுவது, நுரையீரல் உறையின் அழற்சி, மனப்பதற்றம் என்று வேறு காரணங்களே மிகுதி. ஆனால் மாரடைப்பு உள்ளவர்களும் அதே வாசல் வழியாகத்தான், அதே சொற்களைச் சொல்லிக்கொண்டு, சில வேளைகளில் தாமாகவே இருசக்கர வாகனத்தை ஓட்டிக்கொண்டு வந்து சேர்கிறார்கள். கடலூரில் அவசரப் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் மருத்துவர் என்ற முறையில், இவ்விரு சாராரையும் பிரித்தறியும் வேலையைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இ.சி.ஜி., டிரோபோனின் இரத்தப் பரிசோதனை, மாரடைப்புக்கான வாய்ப்பை எண்ணால் மதிப்பிடும் ஆபத்து மதிப்பெண் ஆகிய மூன்றும் நல்ல கருவிகள். ஆனால் வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்ற ஒரு தகவல் இல்லாவிட்டால் அம்மூன்றின் விடைக்கும் பொருள் குறைந்துவிடும். நோயாளியின் குறிப்பேட்டில் பெரும்பாலும் எழுதப்படாமல் விடுபடுவதும் அந்தத் தகவல்தான்.

காரணம் எளியது. இதயத் தமனி ஒன்றில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால், இதயத் தசை உடனே மடிந்துவிடுவதில்லை. முதலில் மின்னோட்டம் மாறும். அந்த மாற்றம் சில நிமிடங்களில் இ.சி.ஜி.யில் தெரியலாம், தெரியாமலும் போகலாம். தசை அணுக்கள் சிதையத் தொடங்கிய பிறகுதான் அவற்றுக்குள் இருக்கும் டிரோபோனின் என்ற புரதம் இரத்தத்தில் கசியும். பழைய வகைப் பரிசோதனைகளில் அது கண்டுபிடிக்கும் அளவுக்கு உயர 3 முதல் 6 மணி நேரம் ஆகும். உயர் உணர்திறன் கொண்ட புதிய பரிசோதனைகளில் 1 முதல் 3 மணி நேரத்திலேயே தெரிய வரும். ஆகவே வலி தொடங்கி முக்கால் மணி நேரத்தில் எடுத்த இரத்தத்தில் டிரோபோனின் இயல்பாக இருந்தால் அதிலிருந்து எதையும் முடிவு செய்ய இயலாது. எட்டு மணி நேரம் கழித்து எடுத்த இரத்தத்தில் இயல்பாக இருந்தால் அது மிகப் பெரிய ஆறுதல். தாளில் அச்சாகி வரும் முடிவு இரண்டுக்கும் ஒன்றேதான்.

எத்தனை மணிக்கு என்று கேட்டால் நேரடியான விடை கிடைப்பது அரிது. "நேத்து ராத்திரியிலேருந்தே ஒரு மாதிரியா இருக்குது டாக்டரம்மா" என்றுதான் பெரும்பாலும் தொடங்குவார்கள். அங்கேயே நிறுத்திவிட்டு இ.சி.ஜி. இயந்திரத்தின் பக்கம் திரும்பிவிடக் கூடாது. இ.சி.ஜி. எடுக்கும்போதே பேச்சுக் கொடுத்து, அன்றாட வாழ்வின் அடையாளங்களை வைத்துக் கேட்டால் நேரம் வெளிவரும். இராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, அப்போது தொலைக்காட்சியில் என்ன ஓடிக்கொண்டிருந்தது, படுத்தபின் வலியால் விழிப்பு வந்ததா, விழித்த பிறகு வலி வந்ததா என்று கேட்கலாம். சிப்காட் தொழிலாளியிடம் ஷிப்ட் மாறுவதற்கு முன்பா என்று கேட்கலாம். தேவனாம்பட்டினத்திலிருந்தோ கடலூர் முதுநகர்த் துறைமுகத்திலிருந்தோ வரும் மீனவரிடம் வலை இழுக்கும்போதா, கரைக்குத் திரும்பும் வழியிலா என்று கேட்கலாம். கடலில் வலி வந்தவர் கரை சேர்வதற்குள்ளேயே சில மணி நேரம் கழிந்திருக்கும் என்பதால், அவரிடம் இந்தக் கேள்வி மேலும் முக்கியமாகிறது. நோயாளி களைத்திருந்தால் மனைவியையோ மகனையோ கேட்க வேண்டும். அவர் எப்போது வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார் என்பது பெரும்பாலும் வீட்டாருக்குத்தான் தெரியும்.

விட்டுவிட்டு வரும் வலி இதில் சிக்கலானது. முந்தைய நாள் மாலை பத்து நிமிடம் வந்து போய், நள்ளிரவில் மீண்டும் வந்து போய், விடியற்காலை வந்து நீங்காமல் நிற்கும் வலிக்கு எது தொடக்கம்? நான் இரண்டையும் எழுதுவேன்: முதன்முதலில் வந்த நேரம், கடைசியாகக் கடுமையாக வந்த நேரம். டிரோபோனின் முடிவை எடைபோடும்போது பின்னதைக் கணக்கில் கொள்வதே பாதுகாப்பானது. முந்தைய வருகைகள் வெறும் எச்சரிக்கையாக இருந்து, தமனி முழுதாக அடைத்தது கடைசி முறையாக இருக்கலாம்.

நோயாளி உள்ளே வந்த 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்து, அதை ஒரு மருத்துவர் பார்த்திருக்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி. பதிவுச் சீட்டு, பணம் கட்டுதல், ஆதார் எண் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஆனால் முதல் இ.சி.ஜி. இயல்பாக இருப்பதை வைத்து மாரடைப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. அது அந்தப் பத்து நொடிகளின் பதிவு மட்டுமே. வலி நீடித்தால் முதல் ஒரு மணி நேரத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மீண்டும் எடுக்க வேண்டும். ஒவ்வொரு தாளிலும் எடுத்த நேரத்தையும் அப்போது வலி இருந்ததா இல்லையா என்பதையும் பேனாவால் எழுத வேண்டும். இதயத்தின் பின்சுவரில் ஏற்படும் அடைப்பு இதயத்தை வெவ்வேறு கோணங்களில் பதியும் வழக்கமான 12 தடங்களில் நேராகத் தெரியாது. முன்பக்கத் தடங்களில், ஒவ்வொரு துடிப்பின் கூர்முனைக்கும் அடுத்து வரும் எஸ்டி என்ற கோட்டுப் பகுதி தாழ்ந்திருப்பதாகவே அது காட்டும். அப்போது மின்முனைகளை இடது முதுகுப் பக்கம், தோள்பட்டை எலும்புக்குக் கீழே ஒட்டி மீண்டும் எடுத்தால் உண்மை வெளிப்படும். கூடுதலாக இரண்டு நிமிடம் செலவாகும், அவ்வளவே. கீழ்ச்சுவர் அடைப்பில் வலப்பக்கத் தடத்தையும் பார்ப்பது அவசியம். வலது கீழறை பாதிக்கப்பட்டிருக்கும்போது இரத்தக் குழாய்களை விரிக்க நாவின் கீழ் வைக்கும் நைட்ரேட் மாத்திரை இரத்த அழுத்தத்தை அபாயகரமாக வீழ்த்திவிடும்.

பழைய இ.சி.ஜி. கையில் இருப்பது பெரும் உதவி. இன்று தெரியும் மாற்றம் புதியதா, ஐந்து ஆண்டுகளாக இருப்பதா என்பதை அது ஒரே பார்வையில் சொல்லிவிடும். ஆனால் இ.சி.ஜி. அச்சாகும் வெப்பத் தாள் நாளடைவில் வெளிறிப்போகிறது. மஞ்சள் பையில் பத்திரமாக மடித்து வைத்திருந்த தாள் வெற்றுத் தாளாக வந்து சேர்வதைப் பார்த்திருக்கிறேன். எடுத்த அன்றே நகல் எடுத்து வைப்பதும், கைபேசியில் படம் பிடித்து வைப்பதும் நல்லது. இதய நோயாளி உள்ள ஒவ்வொரு வீட்டிலும் இதைச் செய்து வைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது நோயாளி தன் வேதனையைச் சொல்லும் விதம். "வலிக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்று சொல்கிறவர்களே, நெஞ்சில் பாரம் வைத்தாற்போல் இருக்கிறது, அடைக்கிறது, கரிக்கிறது, பிடித்து இறுக்குகிறது என்பார்கள். அவை அனைத்தையும் நெஞ்சு வலியாகவே கொள்ள வேண்டும். இரு கைகளுக்கும் பரவும் வலி, வலது தோளுக்குப் பரவும் வலி, நடந்தால் வந்து நின்றால் குறையும் வலி, வியர்த்துக் கொட்டுவதோடும் வாந்தியோடும் வரும் வலி ஆகியவை சந்தேகத்தைக் கூட்டும். மூச்சை இழுக்கும்போது மட்டும் குத்துவது, ஒரு விரலால் தொட்டுக் காட்டும் இடத்தில் அழுத்தினால் அதே வலி எழுவது, உடம்பைத் திருப்பினால் மாறுவது ஆகியவை சந்தேகத்தைக் குறைக்கும். ஆனால் எதுவும் தனியாக நின்று மாரடைப்பை விலக்கிவிடாது. ஏப்பம் விட்டதும் தேவலை என்பதும், சோடா குடித்ததும் அமில நீக்கி மருந்து குடித்ததும் அடங்கியது என்பதும் இதயத்தில் கோளாறில்லை என்பதற்குச் சான்றல்ல. நைட்ரேட் மாத்திரையில் வலி குறைந்தால் அது இதய வலிதான் என்று முடிவு கட்டுவதும் அதே அளவு தவறானது.

நம் பகுதியில் வாயு என்ற விளக்கம் நோயாளியோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. வீட்டிலேயே முடிவு செய்து, ஓமத் தண்ணீர் குடித்து, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கி, அதன் பிறகும் அடங்காததால்தான் பலர் வருகிறார்கள். முதன்மையான மூன்று மணி நேரம் இதிலேயே கழிந்துவிடுவதைக் காணும்போது மிகவும் வருத்தமாக இருக்கிறது. சர்க்கரை நோயாளிகள், பெண்கள், முதியவர்கள் ஆகியோரிடம் நிலைமை இன்னும் கடினம். மூச்சு வாங்குவது, சொல்லத் தெரியாத அசதி, மேல்வயிற்று வேதனை, குமட்டல் என்று மட்டுமே அவர்களுக்கு மாரடைப்பு வரலாம். இத்தகைய அறிகுறிகளை வழக்கத்துக்கு மாறானவை என்று குறித்து ஒதுக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டுமென்று 2021இல் வந்த அமெரிக்க நெஞ்சு வலி வழிகாட்டுநெறி அறிவுறுத்தியது. இதயம் சார்ந்தது, சார்ந்திருக்கக்கூடியது, சாராதது என்று வகைப்படுத்தச் சொன்னது. சமையலறையில் நின்றுகொண்டே இருந்து, குடும்பத்தார் எல்லாரும் சாப்பிட்ட பின்பு வேதனையைச் சொல்லும் அம்மாக்களை நினைத்தால் அந்த மாற்றம் எவ்வளவு தேவையானது என்பது விளங்கும்.

இனி மதிப்பெண்ணுக்கு வருகிறேன். இன்று அவசரப் பிரிவுகளில் பரவலாகப் பயன்படும் ஹார்ட் மதிப்பெண் நெதர்லாந்தில் உருவானது. 2008இல் முதலில் வெளியானது. நோயாளி சொல்லும் வரலாறு, இ.சி.ஜி., வயது, ஆபத்துக் காரணிகள், டிரோபோனின் ஆகிய ஐந்துக்கும் தலா 0, 1, 2 என்று மதிப்பிட்டு, 10க்குக் கூட்டுவார்கள். வயது 45க்குக் கீழ் என்றால் 0. 45 முதல் 64 வரை 1. 65ம் அதற்கு மேலும் 2. டிரோபோனின் இயல்பு வரம்புக்குள் இருந்தால் 0, வரம்பைத் தாண்டி மூன்று மடங்கு வரை 1, அதற்கு மேல் 2. நெதர்லாந்தின் 10 மருத்துவமனைகளில் 2,440 நோயாளிகளிடம் இதைச் சோதித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், 0 முதல் 3 வரை பெற்றவர்களில் 1.7 விழுக்காட்டினருக்கும், 4 முதல் 6 வரை பெற்றவர்களில் 16.6 விழுக்காட்டினருக்கும், 7ம் அதற்கு மேலும் பெற்றவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கும் ஆறு வாரத்துக்குள் மாரடைப்போ, அடைப்பு நீக்கும் சிகிச்சையோ, மரணமோ நேர்ந்தது. இந்த வேறுபாடு மிகத் தெளிவானது. நெஞ்சு வலி என்று வந்த அனைவரையும் படுக்கவைக்க இடமில்லாத ஊர்களில், யாரை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பலாம் என்பதற்கு இது உண்மையான துணை. டிமி, கிரேஸ் என்ற வேறு இரு மதிப்பெண்களும் உண்டு. அவை மாரடைப்பு என்று ஏற்கெனவே கருதப்பட்டவர்களின் எதிர்காலத்தைக் கணிக்க அமைந்தவை. வாசலில் நிற்பவரைப் பிரித்தறிய ஹார்ட் மதிப்பெண்ணே பொருத்தம் என்பது என் கருத்து.

ஆனால் அதை நம் ஊரில் பயன்படுத்தும்போது இரு இடங்களில் நின்று யோசிக்க வேண்டும். முதலாவது வயது. மாரடைப்பின் காரணங்களை அறிய 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களின் தரவைத் தனியே எடுத்து 2007இல் வெளியிட்டபோது, முதல் மாரடைப்பு வரும் வயது நம்மவரிடம் 53 என்றும், பிற நாட்டவரிடம் 59க்கு அருகில் என்றும் தெரிந்தது. சுமார் ஆறு ஆண்டுகள் முந்துகிறோம். 40 வயதுக்காரருக்கு மதிப்பெண் தரும் பூஜ்யம் ஐரோப்பியருக்குப் பொருந்தும் அளவுக்கு நமக்குப் பொருந்தாது. இரண்டாவது ஆபத்துக் காரணிகள். சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம், உடல் பருமன், குடும்ப வரலாறு ஆகியவை இல்லை என்று குறித்தால் 0. வாழ்நாளில் ஒருமுறையும் இரத்தம் பரிசோதித்திராத ஒருவர் "எனக்கு ஒரு வியாதியும் கிடையாது" என்று சொன்னால், நமக்குக் கிடைப்பது தெரியவில்லை என்ற விடைதான். அதை இல்லை என்று எழுதிவிடக் கூடாது. அவசரப் பிரிவிலேயே விரல் நுனியில் சர்க்கரையைப் பார்த்துவிடலாம்; இரத்த அழுத்தத்தை இரு கைகளிலும் பார்த்துவிடலாம்; தந்தைக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்குள், தாய்க்கோ அக்காவுக்கோ 65 வயதுக்குள் மாரடைப்பு வந்ததா என்று கேட்டுவிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். 38 வயது; நெல்லிக்குப்பம் பக்கத்து ஊர்; பீடிப் பழக்கம் உண்டு, சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். இரவு 10 மணிக்கு நெஞ்சில் இறுக்கம் தொடங்கியது. 11 மணிக்கு வந்துவிட்டார். இ.சி.ஜி. இயல்பு. 11.10க்கு எடுத்த இரத்தத்தில் டிரோபோனின் இயல்பு. வரலாற்றுக்கு 1, ஆபத்துக் காரணிகளுக்கு 1, மற்ற மூன்றுக்கும் 0. மொத்தம் 2, குறைந்த ஆபத்து. கணக்கில் பிழையே இல்லை, ஆனால் நேரத்தைச் சேர்த்துப் பார்த்தால் அந்த டிரோபோனினுக்கு அளித்த 0 இன்னும் கிடைக்காத ஒரு விடைக்கு அளித்த மதிப்பெண் என்பது புரியும். அவரைக் கண்காணிப்பில் வைத்து, இ.சி.ஜி.யைத் திரும்ப எடுத்து, 3 மணி நேரம் கழித்து இரண்டாம் முறை இரத்தம் எடுத்து, பழைய வகைப் பரிசோதனை என்றால் 6 மணி நேரம் வரை காத்திருந்து, அப்போதும் எல்லாம் இயல்பாக இருந்தால்தான் அந்த 2 உண்மையான 2 ஆகும். இரண்டாம் டிரோபோனினைச் சேர்த்துப் பார்க்கும் முறையே ஹார்ட் பாத்வே என்ற பெயரில் பின்னர் அமெரிக்காவில் வளர்த்தெடுக்கப்பட்டது.

சிறு மருத்துவமனைகளில் உள்ள டிரோபோனின் அட்டைப் பரிசோதனையைப் பற்றியும் ஒரு சொல். ஒரு சொட்டு இரத்தம் விட்டு, ஒரு கோடா இரண்டு கோடா என்று பார்க்கும் அது விரைவானது. டிரோபோனின் உயர்ந்திருப்பதைக் காட்டும் இரண்டு கோடு தெரிந்தால் மிகவும் பயனுள்ளது. ஆனால் அதன் உணர்திறன் ஆய்வகப் பரிசோதனையைவிடக் குறைவு, அளவை எண்ணாகவும் தராது. ஒரு கோடு மட்டும் தெரிந்ததை வைத்து, அதுவும் வலி தொடங்கிய முதல் சில மணி நேரத்தில், யாரையும் அனுப்பிவிடக் கூடாது. எதிர்ப்புறமும் உண்டு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், இதயம் பலவீனமானவர்களுக்கும், கடுமையான நோய்த்தொற்று உள்ளவர்களுக்கும், நுரையீரல் தமனியில் இரத்தக்கட்டி அடைத்தவர்களுக்கும் மாரடைப்பு இல்லாமலேயே டிரோபோனின் உயரும். அங்கும் ஒரு எண்ணைவிட இரு எண்களுக்கு இடையிலான ஏற்ற இறக்கமே உதவும்.

மேலே சொன்ன ஹார்ட் மதிப்பெண், இ.சி.ஜி.யில் எஸ்டி பகுதி உயர்ந்த மாரடைப்புக்குப் பொருந்தாது. அங்கே கணக்கிட ஒன்றுமில்லை. அடைப்பைத் திறக்க வேண்டும். நோயைக் கண்டறிந்த நேரத்திலிருந்து 120 நிமிடத்துக்குள், கம்பியும் பலூனும் கொண்டு அடைப்பைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் இடத்தில் நோயாளியின் தமனிக்குள் கம்பி நுழைந்திருக்குமானால் அங்கே அனுப்பலாம். இல்லையென்றால் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை இங்கேயே உடனடியாகத் தொடங்க வேண்டும். கடலூரிலிருந்து புதுச்சேரி ஏறக்குறைய 25 கிலோமீட்டர்தான். அங்கே கோரிமேட்டில் மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. தூரத்தை மட்டும் பார்த்து, அனுப்பிவிடலாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஆம்புலன்ஸ் வருவது, ஏற்றுவது, மாலை நேர நெரிசலில் நகரைக் கடப்பது, அங்கே மறுபடியும் இ.சி.ஜி. எடுப்பது, ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் கூடம் தயாராவது என்று கூட்டிப் பார்த்தால் அந்த 120 நிமிடம் மிகச் சிறியது. பண்ருட்டிக்கும் விருத்தாசலத்துக்கும் அது இன்னும் சிறியது. ஆகவே கரைக்கும் மருந்தைக் கொடுத்த பின் அனுப்பி, 2 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் செய்யும் முறை நம் மாவட்டங்களுக்குப் பொருத்தமானது. தமிழ்நாட்டிலேயே மையமும் கிளைகளுமாக மருத்துவமனைகளை இணைத்து இம்முறையைச் சோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்தது. அந்த முடிவைப் படித்தபோது நான் அடைந்த மகிழ்ச்சி பெரிது. வெளிநாட்டு எண்களை இரவல் வாங்காமல் நம் சாலைகளில், நம் மருத்துவமனைகளில் கிடைத்த விடை அது.

கரைக்கும் மருந்தைக் கொடுப்பதற்கும் நேரமே அளவுகோல். முதல் 3 மணி நேரத்தில் அதன் பலன் மிகுதி. 12 மணி நேரத்துக்குப் பின் பொதுவாகக் கொடுப்பதில்லை. கொடுப்பதற்கு முன் ஒன்றை மட்டும் தவறாமல் பார்த்துவிட வேண்டும். தொடங்கிய நொடியிலேயே உச்சத்தில் இருந்து, முதுகுக்குப் பாய்ந்து, கிழிப்பதுபோல் வலித்தால், அல்லது இரு கைகளின் இரத்த அழுத்தமும் பெரிதும் வேறுபட்டால், பெருந்தமனிச் சுவர் கிழிந்திருக்கலாம். அந்நிலையில் இந்த மருந்து உயிரைப் பறித்துவிடும்.

கிராமங்களில் இருப்பவர்கள் அறிந்திருக்க வேண்டியது, தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கப்பட்ட இதயம் காப்போம் திட்டம். துணை சுகாதார நிலையங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மாரடைப்பு அறிகுறியோடு வருவோருக்கு ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாடின் 8 ஆக 14 மாத்திரைகளை உடனே கொடுத்து, பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். மாத்திரை விழுங்கியதும் வலி குறைந்தது என்று வீடு திரும்பிவிடக் கூடாது. அவற்றில் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் இரத்தக்கட்டி மேலும் வளராமல் தடுக்கும். எந்த மாத்திரையும் ஏற்கெனவே அடைத்ததைத் திறக்காது. எந்த மாத்திரையை எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, 108 வண்டியில் புறப்படுவதே சரி. வேறு மருத்துவமனைக்கு அனுப்பும் கடிதத்திலும் நான் முதல் வரியில் எழுதுவது நேரங்களைத்தான்: வலி தொடங்கியது, முதல் இ.சி.ஜி., மருந்து கொடுத்தது, இரத்தம் எடுத்தது. எதிர்முனையில் இருப்பவர் அவற்றைப் பார்த்த உடனே தன் வேலையைத் தொடங்கிவிட முடியும்.

மிகக் கடினமான பகுதி, இரண்டாம் இரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்க வைப்பது. முதல் அறிக்கை இயல்பு என்று காதில் விழுந்ததும் வீட்டார் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். காலையில் வேலைக்குப் போக வேண்டும், குழந்தைகள் தனியாக இருக்கிறார்கள், இன்னொரு பரிசோதனைக்கு வேறு செலவு. அவர்கள் சொல்லும் காரணங்கள் எல்லாம் உண்மையானவை; அவற்றைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை. அவர்களிடம் அறிக்கையைக் காட்டி, இந்த இரத்தம் வலி தொடங்கி ஒரு மணி நேரத்தில் எடுத்தது, இதயம் பாதிக்கப்பட்டிருந்தாலும் இப்போது தெரியாது, மூன்று மணி நேரம் கழித்தே தெரியும் என்று சொல்லுவேன். இப்படி நேரத்தை வைத்து விளக்கும்போது பலர் அமர்ந்துவிடுகிறார்கள். அப்படியும் புறப்படுகிறவர்களுக்கு, வலி தொடங்கிய நேரத்தையும் இரத்தம் எடுத்த நேரத்தையும் அடுத்து எடுக்க வேண்டிய நேரத்தையும் சீட்டில் எழுதி, இ.சி.ஜி.யின் நகலைக் கையில் கொடுத்து, இங்கே வர முடியாவிட்டாலும் வீட்டுக்கு அருகில் உள்ள எந்த மருத்துவமனைக்கேனும் அந்த நேரத்தில் போய், இந்தச் சீட்டைக் காட்டி, இரண்டாம் பரிசோதனையைச் செய்துகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். இடையில் வலி திரும்பினால் அந்த நேரம் வரை பொறுத்திருக்காமல் உடனே 108ஐ அழைக்கும்படியும் சொல்லி அனுப்புகிறேன்.